‘லா கிராந்த் வாத்ரூய்’: தமிழ் சப்டைட்டிலோடு சிங்கப்பூரில் திரையிடும் முறை

1966 டிசம்பரில் பிரான்சில் வெளியான ‘லா கிராந்த் வாத்ரூய்’ படத்துக்கு அந்நாட்டில் 1 கோடியே 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 2008 வரை வேறெந்தப் பிரெஞ்சுப் படமும் சொந்த ஊரில் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. இயக்கம் ஜெரார் ஊரி. நடிப்பு பூர்வில், லூயி த ஃபுனெஸ், டெர்ரி-தாமஸ். கதை நடப்பது 1942இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து மூன்று பிரிட்டிஷ் விமானிகள் பாராசூட்டில் குதிக்கிறார்கள். ஒருவர் விலங்குத் தோட்டத்துக்குள் விழுகிறார், ஒருவர் பெயிண்டரின் சாரத்தில், ஒருவர் ஒபெரா அரங்கின் கூரையில். வம்பே வேண்டாம் என்று இருந்த பெயிண்டரும், ஒபெரா இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரும் வேறு வழியின்றி இவர்களைத் தெற்கே கடத்திக்கொண்டு போக வேண்டியதாகிறது.

சமூக மன்றத்திலோ நண்பர்கள் கூடும் இடத்திலோ இந்தப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: வசனம் எல்லாவற்றுக்கும் தமிழ் போட்டுவிடுகிறார்கள். படத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று மூன்று மொழி கலந்து ஓடுகிறது. யாருக்கு யார் பேசுவது புரியவில்லை என்பதில்தான் பாதிச் சிரிப்பே இருக்கிறது. மூன்றையும் ஒரே தமிழாக்கினால் எல்லாரும் எல்லாரையும் புரிந்துகொள்வது போலாகி, படம் சாதாரணத் துரத்தல் கதையாகச் சுருங்கிவிடும்.

சிங்கப்பூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. பிரான்சில் படம் பார்த்தவர்களுக்குப் பிரெஞ்சு புரிந்தது, விமானிகளின் ஆங்கிலம் புரியவில்லை. இங்கே அது தலைகீழ். விமானிகள் பேசுவது நம்மவர்களுக்கு நேரடியாகப் புரியும்; முழிப்பது பிரெஞ்சுக்காரர்கள்தான். ஆகவே ஆங்கிலத்துக்கு சப்டைட்டில் வேண்டாம். பிரெஞ்சுக்கு மட்டும் தமிழ். ஜெர்மனை அப்படியே விட்டுவிடலாம், கதைக்குத் தேவையான ஓரிரு வரி தவிர. கீழே சொல்லும் வேலையெல்லாம் இந்த முடிவை ஒட்டியே போகிறது.

முதலில் அனுமதி

வீட்டில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சமூக மன்றம், நூலக அரங்கு, புளோக் கீழ்த்தளம் என்று பொதுமக்களை அழைத்தால் கதை வேறு. நுழைவு இலவசமாக இருந்தாலும் அது பொதுக் காட்சிதான். இரண்டு அனுமதி வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

ஒன்று, படத்தின் உரிமையாளரிடமிருந்து காட்சி உரிமை. டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியதால் அந்த உரிமை வந்துவிடாது. கடிதத்தில் தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை, இலவசமா கட்டணமா என்பதோடு ‘தமிழ் சப்டைட்டில் சேர்க்கிறோம்’ என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக்கும் ஒப்புதல் தேவை. பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் மறுபடி கடிதம் எழுதுகிறார்கள். பதில் வரத் தாமதமாகும் என்று எண்ணி குறைந்தது 2 மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

இரண்டாவது, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு. ஆணையத்தின் இணையத் தகவல்தளத்தில் படத்தின் பிரெஞ்சுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் வேறு பெயரில் வெளியானதால் இரண்டு பெயரிலும் பார்ப்பது நல்லது. எத்தனையோ ஆண்டுக்கு முன் ஒரு விழாவில் காட்டியிருக்கிறார்களே என்று நீங்களாக முடிவு செய்யாமல், உங்கள் காட்சிக்கு என்ன தேவை என்று ஆணையத்திடமே கேட்டுவிடுங்கள்.

மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு வழியாக நடத்தினால் இடத்துக்கான தாள் வேலை குறையும். கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்தின் அனுமதி தனி.

எந்தப் பிரதி

பிரெஞ்சு மூல ஒலி இருக்கும் பிரதிதான் வேண்டும். ஆங்கில ஒலிமாற்றம் செய்த பிரதி கையில் கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். அதில் மொழிக் குழப்பம் முழுக்கச் செத்துப் போயிருக்கும்; எந்த சப்டைட்டிலாலும் அதை உயிர்ப்பிக்க முடியாது.

டிஸ்க்குகளுக்கு விற்பனை மண்டலப் பூட்டு உண்டு. பிரான்சில் விற்கும் டிவிடி மண்டலம் 2, சிங்கப்பூர் மண்டலம் 3. புளூ-ரே என்றால் அங்கே ‘பி’, இங்கே ‘ஏ’. உள்ளூர் பிளேயரில் போட்டால் திறக்காமல் போகலாம். உரிமையாளரே காட்சிக்கென்று கோப்பு கொடுத்தால் அதுதான் சிறந்தது: பூட்டை உடைக்கும் சட்டச் சிக்கல் இல்லை, படமும் மறுசீரமைத்த தெளிவோடு வரும். பிரதி கைக்கு வந்ததும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த ஓடும் நேரம், நொடிக்கு எத்தனை பிரேம். பின்னால் நேரம் நகரும்போது இந்த இரண்டு எண்தான் காப்பாற்றும்.

சப்டைட்டில் எழுதுவது

மூலக் கோப்பைத் தயாரிக்க ‘சப்டைட்டில் எடிட்’ போன்ற இலவச மென்பொருள் போதும். முதல் ஓட்டத்தில் தமிழே எழுதாதீர்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் தொடக்கம், முடிவு நேரத்தை மட்டும் குறித்து, பக்கத்தில் பி, ஆ, ஜெ என்று மொழியை எழுதுங்கள். முடிந்ததும் ‘ஆ’ வரிகளை எல்லாம் அழித்துவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் ஆங்கிலம் பேசும்போது திரை வெறுமையாக இருப்பதும், பிரெஞ்சு வரும்போது தமிழ் தோன்றுவதும் பத்தே நிமிடத்தில் பார்வையாளருக்குப் பழகிவிடும். அதன்பிறகு யார் எந்த மொழிக்கு மாறினார்கள் என்பதைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது அளவு. ஆங்கில சப்டைட்டிலுக்கான கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் தவறு வரும், ஏனென்றால் மென்பொருள் பெரும்பாலும் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது கணினி ஓர் எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை, எண்ணுகிறது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு. ஓர் உதாரணம். ஓடி ஓடிக் கால் வலிக்க, கண்டக்டர் தன் ஷூவைப் பெயிண்டரின் ஷூவோடு மாற்றிக்கொள்ளப் பார்க்கும் காட்சி இருக்கிறது. அதில் ‘உங்க ஷூ என்ன சைஸ்?’ என்று போட்டால் நம் கணக்கில் 9 எழுத்து. மென்பொருள், இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து 18 என்று காட்டும். எனவே அது சிவப்பில் எச்சரித்தால் பயப்படாதீர்கள். பச்சையில் இருந்தால் நிம்மதியும் அடையாதீர்கள். கையால் சில வரிகளை எண்ணிப் பாருங்கள்.

நொடிக்கு 9 எழுத்து, வரிக்கு 24 எழுத்து, திரையில் ஒரே சமயத்தில் 2 வரி. இதைத் தாண்ட வேண்டாம். சென்னையில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இங்கே வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், வேகம்தான் குறைவு. எந்த சப்டைட்டிலும் ஒரு நொடிக்குக் குறைவாக நிற்கக் கூடாது. ஆறு நொடிக்கு மேல் நின்றால் கண் மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும்.

நடை எப்படி இருக்க வேண்டும்? செய்தி வாசிப்பது போன்ற எழுத்துத்தமிழ் சிரிப்பைக் கொன்றுவிடும். ‘தங்கள் காலணியின் அளவு யாது’ என்று திரையில் வந்தால் அரங்கம் சிரிக்கும், ஆனால் தவறான காரணத்துக்கு. அதே நேரம், பேசுவதை ஒலிக்கிற மாதிரியே எழுதினால் (‘வந்துட்ருக்கான்’, ‘எடுத்துக்கிறியா’) வாசிக்க இழுக்கும். பள்ளியில் பழகும் திருத்தமான பேச்சுத்தமிழை வைத்துக்கொள்ளுங்கள்: வாங்க, போங்க, என்ன செய்றது, எனக்குத் தெரியாது. வினைச்சொல்லின் உருவம் கண்ணுக்குப் பழகியதாக இருக்கட்டும்.

மரியாதை விகுதியில் கவனம் தேவை. ஸ்டானிஸ்லாஸ் என்ற கண்டக்டர் மேல்தட்டு ஆள். ஒகுஸ்தேன் என்ற பெயிண்டர் கூலிக்கு வேலை செய்பவர். முன்னவர் பின்னவரைப் படாத பாடு படுத்துகிறார். இதைப் பார்த்ததும் கவுண்டமணி–செந்தில் நினைவு வந்து ‘டேய்’ போடத் தோன்றும். போடாதீர்கள். ஸ்டானிஸ்லாஸின் கொடுமையெல்லாம் மரியாதைச் சொல்லுக்குள்ளேயே நடக்கிறது. ‘நீங்க’ என்று அழைத்தபடியே அடுத்தவரின் ஷூவையும் வசதியையும் பிடுங்குவதுதான் அந்த ஆளின் குணம். ‘நீ’ என்று இறக்கினால் அவர் வெறும் முரடராகிவிடுவார். ஒகுஸ்தேன் அவரை ‘சார்’ என்று அழைக்கட்டும். கன்னியாஸ்திரீ மரி-ஓதிலுக்கு ‘சிஸ்டர்’, மடத்துத் தலைவிக்கு ‘மதர்’. நம் தேவாலயங்களில் வழங்குவதே போதும். கண்டக்டரை மற்றவர்கள் புகழும் இடத்தில் ‘மேஸ்ட்ரோ’ போடலாம். இளையராஜா புண்ணியத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

ஊர்ப் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. தப்பியோடுபவர்கள் போகும் பர்கண்டி நகரத்தின் பெயர் ‘போன்’. ‘நாம போன் போகணும்’ என்று வரி வந்தால் பாதிப் பேர் தொலைபேசி என்று வாசித்துக் குழம்புவார்கள். எப்போதும் ‘போன் நகரம்’ என்றே எழுதுங்கள், இடமில்லையென்றால் ‘பர்கண்டி’.

எழுதி முடித்த பிறகு பிரெஞ்சு தெரிந்த தமிழர் ஒருவரிடம் காட்டுவது அவசியம். ஆங்கில சப்டைட்டிலை வைத்துத் தமிழாக்கினால் கிண்டலில் பாதி நடுவழியிலேயே உதிர்ந்திருக்கும். புதுச்சேரி, காரைக்கால் பின்னணி உள்ள குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. சார்க்கீஸ் ரோட்டில் உள்ள அலியான்ஸ் ஃப்ரான்சேஸில் பிரெஞ்சு படித்த நம்மவர்களும் கிடைப்பார்கள்.

தனியாகக் கவனிக்க வேண்டிய காட்சிகள்

துருக்கிக் குளியலறைக் காட்சிதான் முழுப் படத்துக்கும் சோதனை. ‘டீ ஃபார் டூ’ பாட்டைச் சீட்டியடிப்பது அடையாளக் குறிப்பு. தேடும் ஆளின் சங்கேதப் பெயர் ‘பெரிய மீசை’. ஸ்டானிஸ்லாஸும் ஒகுஸ்தேனும் ஒருவரையொருவர் ஆங்கிலேயர் என்று நினைத்துக்கொண்டு, நீராவிக்குள் உடைந்த ஆங்கிலத்தில் திண்டாடுகிறார்கள். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்பது கடைசியில் தெரிகிறது. இந்த ஆங்கிலத்துக்கு ஒரு வரிகூட சப்டைட்டில் வேண்டாம். அவர்கள் பிரெஞ்சுக்குத் தாவும் கணத்தில் தமிழ் வரி திரையில் குதிக்க வேண்டும். அந்தத் தோற்றமே சிரிப்பை எடுத்துக் கொடுக்கும். பொதுவாக சப்டைட்டிலை ஒலிக்கு ஓரிரு பிரேம் முன்பே விடுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் இரகசியம் முன்பே உடைந்துவிடும். சரியாகச் சொல்லின் மேலேயே வைக்கவும்.

ஆங்கிலம் அதிகம் தெரியாத முதியோர் கூட்டமாக இருந்தால் இந்தக் காட்சிக்கு மட்டும் வேறொரு கோப்பு தயாரிக்கலாம். அதில் உடைந்த ஆங்கிலத்துக்கு உடைந்த தமிழ் வர வேண்டும்: ‘நான் வந்தான். நீ... மீசை?’ என்கிற மாதிரி. எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் இருக்கட்டும். திருத்தி எழுதிவிடும் ஆசிரியர்கள் கையில் இந்தப் பக்கத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒபெரா ஒத்திகையில் வாசிக்கப்படுவது பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் ஹங்கேரிய மார்ச், 1846இல் அரங்கேறிய ‘ஃபாஸ்டின் சாபம்’ படைப்பில் வருவது. இங்கே நடிப்பெல்லாம் த ஃபுனெஸின் கையிலும் முகத்திலும். அவர் வாத்தியக்காரர்களைத் திட்டும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் வரி போட்டால் பார்வையாளர் அவர் முகத்தையே பார்க்க மாட்டார்கள். மூன்று வசனத்தை ஒன்றாகச் சுருக்குங்கள்.

மெர்சோ ஊரின் ஹோட்டலில் அறை எண் 6க்கும் 9க்கும் நடக்கும் குழப்பம், ஜெர்மன் மேஜரின் குறட்டை, பின்னால் வரும் பூசணிக்காய் வீச்சு: இவற்றில் சப்டைட்டில்காரருக்குப் பெரிய வேலை இல்லை. ‘(குறட்டை)’ என்றெல்லாம் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கிளைடர் காட்சியில் சொல் விளையாட்டு ஒன்று வருகிறது. தப்பிப் போக விமானம் கிடைத்தும், அதற்கு முன்விசிறி இல்லை என்பதை ஒத்த ஓசைச் சொற்களால் பேசிக்கொள்கிறார்கள். பொருளை மட்டும் எழுதினால் தட்டையாகிவிடும். தமிழ்க் காதுக்கு மோனை போதும்: ‘விசிறியும் இல்ல.’ ‘விமோசனமும் இல்ல.’ இரண்டையும் தனித்தனி சப்டைட்டிலாக, பேசுபவர் மாறும் இடத்தில் வெட்டவும். ஒரே பெட்டியில் சேர்த்தால் இரண்டாவது வசனத்தைப் பேசுவதற்கு முன்பே வாசித்துவிடுவார்கள்.

ஜெர்மன் கத்தல்களை விட்டுவிடுங்கள். விமானிகளுக்கும் பெயிண்டருக்கும் புரியாத அதட்டல் நமக்கும் புரியாமல் இருப்பதுதான் பொருத்தம். கதைக்குத் தேவையான வரி என்றால் நிறத்தை மாற்றி, வெளிர் மஞ்சளில் போடுங்கள். சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு அரிது. மென்பொருள் வலுக்கட்டாயமாகச் சாய்க்கும்போது கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கோப்பும் எழுத்துருவும்

சப்டைட்டில் கோப்பை (எஸ்ஆர்டி) யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் சேமியுங்கள். திரையில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்தும் குறிகளுமாக வந்தால் கோப்பு கெடவில்லை, பிளேயர் தவறான குறிமுறையில் படிக்கிறது என்று பொருள். விஎல்சி பிளேயரின் அமைப்பில் சப்டைட்டில் குறிமுறையை மாற்றினால் சரியாகும். வெறும் கட்டங்கள் வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தொலைக்காட்சியில் யூஎஸ்பியைச் செருகி ஓட்டும்போது இது அடிக்கடி நடக்கும். எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்றால் எழுத்துகளைக் கோத்து அடுக்கும் பகுதி அந்த மென்பொருளில் வேலை செய்யவில்லை. சோதிக்க ஒரு வரி: ‘பெரிய கொடி, கௌரவம், ஸ்ரீ’. இது ஒழுங்காகத் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய உரையை ஒட்டினால் எதுவுமே வராது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், நடுத்தரத் தடிப்பு, வெள்ளை நிறம், 2 அல்லது 3 புள்ளிக் கறுப்பு விளிம்பு. 1080 வரி உயரப் படத்தில் 56 முதல் 60 அளவு. அரங்கின் கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி இருந்தால் திரையில் எழுத்தின் உயரம் 6 சென்டிமீட்டராவது வேண்டும். தூரத்தை 200ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது.

உரிமையாளர் ஒப்புக்கொண்டால் சப்டைட்டிலைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்த பிரதியைத் தயாரிப்பது பாதுகாப்பு. அதை எந்த இயந்திரத்தில் போட்டாலும் எழுத்துரு சிக்கல் வராது. ஆனால் பதித்த பிறகு ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது. முழுவதும் மறுபடி ஏற்ற வேண்டும்.

நேரம் நகர்ந்தால்

படம் எடுத்தது நொடிக்கு 24 பிரேமில். ஐரோப்பிய டிவிடியில் 25. அதனால் டிவிடியில் படம் சுமார் 4 விழுக்காடு வேகமாக ஓடும். டிவிடியைப் பார்த்துத் தயாரித்த சப்டைட்டிலைப் புளூ-ரே அல்லது காட்சிக் கோப்போடு போட்டால், 2ஆம் நிமிடத்தில் சுமார் 5 நொடி முந்தும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் முந்திவிடும்.

எப்படி முந்துகிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் வெறும் இடப்பெயர்ச்சி. மொத்தக் கோப்பையும் தள்ளினால் தீர்ந்தது. போகப் போகக் கூடினால் பிரேம் விகிதம், 25இலிருந்து உங்கள் பிரதியின் விகிதத்துக்கு (24 அல்லது 23.976) மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். ஓர் இடம் வரை சரியாக இருந்து, திடீரென்று தாவினால் உங்கள் பிரதியில் ஏதோ ஒரு துண்டு கூடவோ குறையவோ இருக்கிறது. அந்த இடத்திலிருந்து பின்னுள்ளதை மட்டும் நகர்த்த வேண்டும். படத்தின் முன்பகுதியில் ஒன்று, ஒபெரா, கிளைடர் என்று மூன்று இடத்தில் சோதித்தால் போதும். காட்சி நடக்கும்போதே சிறிதளவு விலகினால் விஎல்சியில் ‘ஜி’, ‘எச்’ விசைகள் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லிநொடி நகர்த்தும். எது முன்னே, எது பின்னே என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். இருட்டில் தேட முடியாது.

அரங்கம்

படம் அகலத்திரை, 2.35க்கு 1. 3 மீட்டர் அகலமுள்ள சாதாரண 16:9 திரையில் போட்டால் படத்தின் உயரம் 1.28 மீட்டர்தான், மேலும் கீழும் 20 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை விழும். அந்தக் கீழ்ப் பட்டையில் சப்டைட்டிலை வைக்க ஆசையாக இருக்கும். படிக்கட்டு இருக்கை உள்ள அரங்கில் தாராளமாக வையுங்கள். மன்றத்தின் பல்நோக்கு மண்டபம் போன்ற சமதளத்தில் முன்வரிசைத் தலைகள் அதை மறைத்துவிடும். அங்கே படத்துக்குள்ளேயே, கீழ் விளிம்பை ஒட்டி வைப்பது நல்லது. திரையின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.3 மீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒலி பழைய மோனோ. திரைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர் வைத்தால் போதும். ஒலி அளவைப் பேச்சுக் காட்சியில் சரி பார்த்துவிட்டு, பெர்லியோஸ் வரும் இடத்தை ஓட்டிக் கேளுங்கள். இசை காதைக் கிழித்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடியுங்கள். காட்சி நேரத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது எரிச்சலூட்டும்.

புளோக் கீழ்த்தளம் என்றால் இன்னும் சில தொல்லைகள் உண்டு. விளக்குகள் நகர மன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் நீங்களாக அணைக்க முடியாது. 4,000 லூமனுக்குக் குறைந்த புரொஜெக்டர் வெளிறித் தெரியும். கான்கிரீட் கூரையில் ஒலி எதிரொலிக்கும். ஆகவே ஒரே பெரிய ஸ்பீக்கரை அலற விடாமல், சிறிய ஸ்பீக்கர் நான்கைக் கூட்டத்துக்கு அருகே வைத்து மெதுவாக ஓட்டுங்கள். குளிரூட்டிய காரிலிருந்தோ அறையிலிருந்தோ புரொஜெக்டரை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் படியும். துடைக்காதீர்கள், கீறல் விழும். அரை மணி நேரம் சும்மா வைத்தால் தானாகப் போய்விடும். மழைச் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து, மின்கம்பியைத் தரையில் விடாமல் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள்.

இங்கே வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குச் சூரியன் மறைகிறது. 7.45க்குத் தொடங்கினால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படமும் 15 நிமிட இடைவேளையும் சேர்த்து 10.15 வாக்கில் முடியும். மேல் மாடிக்காரர்கள் அதுவரை பொறுப்பார்கள், அதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

இடைவேளை படத்தில் கிடையாது, நம் கூட்டத்துக்குக் கட்டாயம் வேண்டும். துரத்தலின் நடுவில் நிறுத்தாதீர்கள். கும்பல் பாதாளச் சாக்கடை வழியே தப்பி, பாரிஸை விட்டு நாட்டுப்புறத்துக்கு வந்து சேரும் இடம் பொருத்தமானது. அந்தப் பிரேமின் நேரத்தைச் சீட்டில் எழுதி மடிக்கணினியில் ஒட்டிவிடுங்கள். கச்சாங் பூத்தே வாங்கி வைப்பதாக இருந்தால் இடைவேளையில் வெளியே கொடுங்கள். சினிமாக் கொட்டகை வாசலில் நம்மவர்கள் விற்ற பண்டம்தான், மரபுதான். ஆனால் காகிதக் கூம்பின் சரசரப்பு முழு அரங்குக்கும் கேட்கும்.

படத்துக்கு முன் 4 நிமிடம்

முன்னுரை பேசுபவர் நடிகர் வரலாறு சொல்லத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள். படம் புரிய மூன்று தகவல் போதும்.

1940 ஜூன் போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரான்ஸ் இரண்டாகப் பிரிந்தது: வடக்கும் மேற்குக் கடலோரமும் ஜெர்மானியர் வசம், தெற்கு ‘சுதந்திர மண்டலம்’. நடுவில் காவலுள்ள எல்லைக்கோடு. போன் நகரம் ஜெர்மானியர் பகுதியில். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், ஷாலோன் அருகே அந்தக் கோடு ஓடியது. 1942 நவம்பரில் தெற்கையும் ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள் என்பதால் இந்தக் கதை அதற்கு முன்பு மட்டுமே நடக்க முடியும். பாரிஸிலிருந்து போன் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது துவாஸிலிருந்து சாங்கி வரையுள்ள தூரத்தைப் போல ஆறு ஏழு மடங்கு. இதை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டினால் எல்லாரும் ஏன் தெற்கே ஓடுகிறார்கள் என்ற கேள்வி எழாது.

இரண்டாவது, விமானிகளுக்கு உதவுவதன் விலை. 1941 செப்டம்பரில் ஜெர்மன் இராணுவம் பாரிஸில் வெளியிட்ட அறிவிப்பு வெளிப்படையானது: எதிரி விமானிகளுக்கு உதவும் ஆணுக்கு மரண தண்டனை, பெண்ணுக்கு வதைமுகாம். இருந்தும் சாதாரண மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே த யோங் என்ற இளம்பெண் தொடங்கிய ‘கோமெத்’ பாதை வழியாக நூற்றுக்கணக்கான விமானிகள் பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ், பிரெனீஸ் மலை, ஸ்பெயின், ஜிப்ரால்டர் என்று தப்பினார்கள். படத்தில் கன்னியாஸ்திரீ சிரித்துக்கொண்டே செய்யும் காரியத்தின் பின்னால் இருப்பது இது.

மூன்றாவது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கூட்டத்தில் அந்தக் காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இருப்பார்கள். ஆக்கிரமிப்பை வைத்து என்ன சிரிப்பு என்று ஒருவர் கேட்கலாம், கேட்பதில் நியாயமும் உண்டு. போர் முடிந்து 21 ஆண்டுக்குப் பின், அதை அனுபவித்த தலைமுறையே எடுத்து, அதே தலைமுறையே வரிசையில் நின்று பார்த்த படம் என்பதை மட்டும் சொல்லுங்கள். மேலே வாதம் வேண்டாம். படம் முடிந்த பிறகு அவர்களே பேசுவார்கள்.

அன்றைய சோதனை

கதவு திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, அதே மடிக்கணினி, அதே எச்டிஎம்ஐ கம்பி, அதே புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ஓடியது என்பது இங்கே ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கணினியின் தூக்க நேரத்தை அணையுங்கள், வாட்ஸ்அப் அறிவிப்பை அணையுங்கள், மின்னூட்டியைச் செருகுங்கள். 60 வயதுக்கு மேற்பட்ட ஒருவரையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரையும் கடைசி வரிசையில் உட்கார வைத்து, குளியலறைக் காட்சியை 5 நிமிடம் ஓட்டுங்கள். பெரியவர் எழுத்து தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள். மாணவர் வாசித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால், மாற்ற வேண்டியது அளவையல்ல, வாக்கியத்தை. பதிக்காத தனிக் கோப்பாக இருந்தால் அந்த வரிகளை அப்போதே சுருக்கிச் சேமித்துவிடலாம்.